சாட் ஆப்பில் புகுந்த டைம்ஷீட்: உங்க வேலை நேரக் கணக்கு யார் கையில? - ஓர் அலசல்

2025 நவம்பரில், சுமார் ஒரு வார இடைவெளியில் மத்திய அரசு இரண்டு முக்கிய அறிவிப்புகளை வெளியிட்டது. ஒன்று, டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள். இன்னொன்று, நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். ஒருவரைப் பற்றிய தகவலை யார், எதற்காக வைத்துக்கொள்ளலாம் என்று முதலாவது சொல்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்று இரண்டாவது சொல்கிறது.

இந்த இரண்டும் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஐடி ஊழியர்களின் லேப்டாப்பில் காலை முதல் இரவு வரை திறந்தே கிடக்கும் சாட் ஆப்தான் அது. ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஜோஹோ கிளிக் என்று ஆபீசுக்கு ஆபீஸ் பெயர் மாறும். இதுவரை பேசுவதற்கு மட்டும் இருந்த இந்த ஆப்களோடு, வேலை நேரத்தைக் கணக்கிடும் டூல்களை நிறுவனங்கள் இணைத்து வருகின்றன.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் உட்கார்ந்து ஒரு வார டைம்ஷீட்டை நிரப்பும் தொல்லை இதனால் குறைகிறது. ஆனால் அந்த வசதியோடு சேர்ந்து இன்னும் சில விஷயங்களும் உள்ளே வருகின்றன. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இணைப்புன்னா என்ன?

டைம் டிராக்கிங் டூல் என்பது, யார், எந்த வேலைக்கு, எவ்வளவு நேரம் செலவிட்டார் என்று குறித்துவைக்கும் மென்பொருள். டோகிள், கிளாக்கிஃபை, ஹார்வெஸ்ட் போன்றவை உலக அளவில் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. பழைய முறையில், இதற்கென்று தனி இணையதளத்துக்குப் போய், லாக் இன் செய்து, புராஜெக்ட்டைத் தேர்ந்தெடுத்து, நேரத்தை எழுத வேண்டும். வேலை மும்முரத்தில் பலரும் மறந்துவிடுவார்கள்.

சாட் ஆப்போடு இணைத்துவிட்டால் இந்த நடை மிச்சம். மெசேஜ் டைப் செய்யும் அதே பெட்டியில் ஒரு சாய்கோடு போட்டு, டூலின் பெயரையும் 'ஸ்டார்ட்' என்ற சொல்லையும் டைப் செய்தால் போதும், கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வேலை முடிந்ததும் 'ஸ்டாப்'. சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் கிளிக் ஆப்பை, அதே நிறுவனத்தின் ஹெச்ஆர் மென்பொருளான ஜோஹோ பீப்பிளுடன் இணைத்தால், சாட்டில் இருந்தபடியே செக்-இன், செக்-அவுட் செய்ய முடியும்.

பொதுவாக இந்த இணைப்பு வழியாக மூன்று வகை தகவல்கள் போய் வருகின்றன.

முதலாவது, கட்டளை. ஊழியர் டைப் செய்வது டூலுக்குப் போகிறது.

இரண்டாவது, அறிவிப்பு. 'இன்று நீங்கள் நேரம் பதிவு செய்யவில்லை', 'இந்தப் புராஜெக்ட்டுக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போகிறது' என்று டூல் சாட்டுக்கு மெசேஜ் அனுப்புகிறது.

மூன்றாவது, நிலை. 'மீட்டிங்கில் இருக்கிறார்', 'சாப்பாட்டு இடைவேளை' என்று பெயருக்குப் பக்கத்தில் தானாகவே மாறும் குறிப்பு.

சாவியைக் கொடுப்பது யார்?

இணைக்கும்போது ஊழியரின் பாஸ்வேர்டை யாரும் கேட்பதில்லை. 'ஓஆத்' என்ற முறையில், குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு டிஜிட்டல் சாவி உருவாக்கப்படுகிறது. வீட்டின் மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுக்காமல், ஒரே ஒரு அறையின் சாவியைக் கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த அறைகளின் சாவி என்பதுதான். 'அனுமதி' பட்டனை அழுத்துவதற்கு முன்னால், இந்த டூல் எதையெல்லாம் பார்க்கும், எதையெல்லாம் செய்யும் என்று ஒரு பட்டியல் திரையில் வரும். கட்டளையை வாங்கிக்கொள்ள, மெசேஜ் அனுப்ப, சாட் கணக்கும் டூல் கணக்கும் ஒரே ஆளுடையதுதானா என்று சரிபார்க்கப் பெயர், மின்னஞ்சல் முகவரியைப் பார்க்க - இந்த அனுமதிகள் நேரம் குறிப்பதற்குத் தேவையானவை. சேனல்களில் நடந்த பழைய உரையாடல்களைப் படிக்கும் அனுமதியும் கேட்கிறது என்றால், அங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கடிகாரத்தை ஓடவிட, போன மாதம் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று தெரிய வேண்டிய அவசியம் என்ன?

பெரும்பாலான ஊழியர்கள் இந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. காரணம், பல நிறுவனங்களில் சாட் ஆப்பின் நிர்வாகி ஒருவரே மொத்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார். ஊழியருக்கு வருவது, 'இனிமேல் டைம்ஷீட் இங்கேயே போடலாம்' என்ற ஒரு மெசேஜ் மட்டும்தான்.

கம்பெனிகள் ஏன் விரும்புகின்றன?

இந்திய ஐடி சேவைத் துறையில் நேரம்தான் சரக்கு. பல ஒப்பந்தங்களில், எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்பதை வைத்தே வெளிநாட்டு கிளையண்ட்டுக்கு பில் போகிறது. டைம்ஷீட்டில் ஏறாத நேரத்துக்கு காசு வராது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10 பேர் கொண்ட ஒரு டீமில் ஒவ்வொருவரும் தினமும் 15 நிமிடத்தைப் பதிவு செய்ய மறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 வேலை நாட்களில் அது 3,000 நிமிடம். அதாவது மாதம் 50 மணி நேர வேலைக்கு பில் போடவில்லை. வேலை நடக்கும் இடத்திலேயே நேரத்தைக் குறிக்க வைத்தால் இந்த ஓட்டை அடைபடும். நிறுவனத்தின் பக்கம் உள்ள இந்த நியாயத்தை மறுக்க முடியாது.

ஊழியருக்கும் லாபம் உண்டு. ஒரு வேலைக்கு மூன்று நாள் போதும் என்று மேனேஜர் சொன்ன இடத்தில் ஆறு நாள் ஆனது என்றால், அதை எண்ணிக்கையோடு காட்டலாம். யார் தலையில் அதிக சுமை இருக்கிறது என்பதும் தெரியவரும். வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர்கள் ஒரு நாளைக்கு 9 மணி 15 நிமிடத்தைத் தாண்டினால், உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி இன்ஃபோசிஸ் நிறுவனம் மின்னஞ்சல் அனுப்புவதாக 2025-ல் செய்திகள் வெளியாகின. நேரக் கணக்கு இருப்பதால்தான் இப்படி ஒரு மின்னஞ்சலே சாத்தியம்.

சரி, அப்போ பிரச்னை எங்கே?

பச்சைப் புள்ளி சொல்லாத கதை

சாட் ஆப்பில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். பச்சையாக இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். டீம்ஸ் ஆப்பில், கம்ப்யூட்டரில் எந்த அசைவும் இல்லாமல் 5 நிமிடம் போனால் அந்தப் பச்சை மஞ்சளாக மாறிவிடும். ஸ்லாக்கில் டெஸ்க்டாப்பில் 10 நிமிடம் அசைவில்லை என்றால் 'வெளியே இருக்கிறார்' என்று காட்டும்.

சக ஊழியருக்கு இப்போது போன் செய்யலாமா, வேண்டாமா என்று தெரிந்துகொள்ள உருவாக்கப்பட்ட குறி இது. நேரக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கினால், இதன் அர்த்தமே மாறிவிடுகிறது. 'கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் புள்ளி மஞ்சளாக இருக்கிறதே' என்ற சந்தேகம் வரும்.

உண்மையில் அந்த 10 நிமிடத்தில் ஊழியர் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? கிளையண்ட்டுடன் போனில் பேசியிருக்கலாம். ஒரு பேப்பரில் படம் போட்டு யோசித்திருக்கலாம். பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். மவுஸ் அசைவு இதில் எதையும் காட்டாது.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடந்தது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பதுபோல் பாவனை காட்டியதாகச் சொல்லி பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை 2024-ல் வேலையை விட்டு அனுப்பியது. மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் சின்னக் கருவிகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. அசைவை அளந்தால், அசைவுதான் கிடைக்கும். வேலை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்தியாவிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. காக்னிசன்ட் நிறுவனம் சில புராஜெக்ட்களில் மவுஸ், கீபோர்டு அசைவைக் கவனிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவதாகவும், 5 நிமிடம் அசைவு இல்லை என்றால் 'சும்மா இருக்கிறார்' என்றும் 15 நிமிடம் தாண்டினால் 'சிஸ்டத்தில் இல்லை' என்றும் அது குறிப்பதாகவும் 2025 நவம்பரில் செய்தி வெளியானது. தனிப்பட்ட ஊழியரின் செயல்திறனை மதிப்பிட இதைப் பயன்படுத்துவதில்லை என்று நிறுவனத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அந்த விளக்கத்திலேயே ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. தகவல் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது நிறுவனத்தின் முடிவு.

பதிவாகும் நேரமும், பதிவாகாத நேரமும்

இந்த விவகாரத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. காலை 11 மணிக்கு 10 நிமிடம் மவுஸைத் தொடாமல் இருந்தால் புள்ளி நிறம் மாறுகிறது. அதே ஊழியர் இரவு 11 மணிக்கு, அமெரிக்காவில் இருக்கும் கிளையண்ட் கேட்ட சந்தேகத்துக்கு சாட்டில் பதில் போடுகிறார். அதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? கடிகாரத்தை அவர் ஓடவிடவில்லை. ஆகவே டைம்ஷீட்டில் அது இல்லை.

தினமும் இரவில் 40 நிமிடம் இப்படிப் போகிறது என்றால், 22 வேலை நாட்களில் 880 நிமிடம். அதாவது மாதம் 14 மணி 40 நிமிடம். கிட்டத்தட்ட இரண்டு முழு வேலை நாட்கள்.

இந்த இரவு வேலைக்கு ஆதாரம் இல்லையா என்றால், இருக்கிறது. சாட்டில் போகும் ஒவ்வொரு மெசேஜுக்கும் தேதியும் நேரமும் பதிவாகிறது. நேரக் கணக்கு டூலும் சாட் ஆப்பும் ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. பகலில் சும்மா இருந்த நிமிடத்தைக் கண்டுபிடிக்க முடிந்த அமைப்பால், இரவில் வேலை பார்த்த நிமிடத்தையும் கண்டுபிடிக்க முடியும். தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. முதலாவதை எண்ணச் சொல்லி செட்டிங்கில் தேர்வு செய்திருக்கிறார்கள், இரண்டாவதை எண்ணச் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிநாடுகளில் என்ன நடந்தது?

மைக்ரோசாஃப்ட் 2020-ல் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. மின்னஞ்சல், சாட், மீட்டிங் போன்றவற்றை ஊழியர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தனித்தனிப் பெயரோடு நிர்வாகம் பார்க்க முடிந்தது. இது கண்காணிப்பு என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2020 டிசம்பர் தொடக்கத்தில், ஊழியர் பெயர்களை அந்த வசதியில் இருந்து நீக்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நிறுவனம் முழுமைக்குமான எண்கள் மட்டும் மிஞ்சின. பெயர் இல்லாமலும் இந்த டூல்கள் பயன்படும் என்பதற்கு இதுவே உதாரணம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கதை வேறு மாதிரிப் போனது. வீட்டில் இருந்து வேலை பார்த்த ஒரு கணக்காளர், காரணமில்லாமல் தன்னை நீக்கிவிட்டதாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அவர் லேப்டாப்பில் இருந்த 'டைம்கேம்ப்' டூலின் பதிவை நிறுவனம் முன்வைத்தது. அவர் டைம்ஷீட்டில் எழுதியதில் 50 மணி நேரத்துக்கு மேல் கணக்கு இடித்தது. பிரின்ட் எடுத்து பேப்பரில் வேலை பார்த்ததாக அவர் சொன்ன விளக்கத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 2023 ஜனவரியில், நிறுவனத்துக்கு 2,600 கனடா டாலருக்கும் மேல் அவரே திருப்பித்தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. டூலின் பதிவு, சட்டத்தின் முன் சாட்சியாக நிற்கும் என்பதை இந்த வழக்கு காட்டியது.

பிரான்ஸில் நேர் எதிரான முடிவு. ரியல் எஸ்டேட் துறையைச் சேர்ந்த ஒரு நிறுவனம், 3 முதல் 15 நிமிடம் வரை கீபோர்டோ மவுஸோ அசையவில்லை என்றால் அதை 'செயலற்ற நேரம்' என்று கணக்கிட்டது. அதற்குச் சரியான காரணம் சொல்லாவிட்டால், அந்த நேரத்தை ஈடுகட்டாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம் செய்யவும் வழி இருந்தது. ஸ்கிரீன்ஷாட்களும் எடுக்கப்பட்டன. 2024 டிசம்பரில், அந்நாட்டின் தரவு பாதுகாப்பு ஆணையமான 'சிஎன்ஐஎல்' அந்த நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. மீட்டிங், போன் பேச்சு எல்லாம் வேலை நேரம்தான். கம்ப்யூட்டர் அசையவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது என்பது ஆணையத்தின் வாதங்களில் ஒன்று.

தகவல் கசியும் ஆபத்தும் இருக்கிறது. 'வொர்க்கம்போசர்' என்ற ஊழியர் கண்காணிப்பு டூல் எடுத்த 2 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான ஸ்கிரீன்ஷாட்கள், பாதுகாப்பில்லாத கிளவுட் சேமிப்பகத்தில் திறந்து கிடந்ததை 2025 ஏப்ரலில் 'சைபர்நியூஸ்' ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஒருவர் பார்த்த மின்னஞ்சல், உள் சாட், லாக் இன் பக்கம் என எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும். ஊழியரைக் கண்காணிக்கப் போய், நிறுவனத்தின் சொந்த ரகசியமே வெளியே வந்துவிடும்.

நேரக் கணக்கே கூடாதா? ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது வேறு

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்போ டைம் டிராக்கிங்கே வேண்டாம்'னு சொல்லத் தோன்றும். ஆனால் ஐரோப்பாவில் இதைக் கட்டாயமாக்கக் கோரி நீதிமன்றம் போனது தொழிற்சங்கம்தான்.

ஸ்பெயினில் உள்ள டாய்ச் வங்கியில், முழு நாள் விடுமுறையை மட்டும் குறிக்கும் மென்பொருள் இருந்தது. தினமும் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது, எவ்வளவு ஓவர்டைம் என்பதற்குப் பதிவு இல்லை. இதை எதிர்த்து 'சிசிஓஓ' தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. ஸ்பெயினில் பார்க்கப்படும் ஓவர்டைமில் 53.7 சதவீதம் பதிவாவதே இல்லை என்ற ஆய்வுத் தகவல் வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது.

2019 மே 14-ம் தேதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு ஊழியரும் தினமும் எவ்வளவு நேரம் வேலை பார்க்கிறார் என்பதை அளக்கும், நம்பகமான, அணுகக்கூடிய ஒரு முறையை நிறுவனங்கள் அமைக்க வேண்டும் என்று உறுப்பு நாடுகள் சட்டம் செய்ய வேண்டும் என்றது. பதிவு இல்லை என்றால், அதிக நேரம் வேலை வாங்கப்பட்டதை நிரூபிப்பது ஊழியருக்கு மிகக் கடினம் என்பதே காரணம். 2022 செப்டம்பரில் ஜெர்மனியின் தொழிலாளர் உச்ச நீதிமன்றமும் இதே வழியில் போனது.

பிரான்ஸில் அபராதத்துக்கு உள்ளான அளவீடும் நேரத்தைத்தான் அளந்தது; ஸ்பெயினில் தொழிற்சங்கம் கேட்ட அளவீடும் நேரத்தைத்தான் அளக்கும். ஒன்று நிமிடத்துக்கு நிமிடம் ஆளை மோப்பம் பிடித்தது. இன்னொன்று, வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று எழுதி, அந்தப் பதிவை ஊழியரும் பார்க்கலாம் என்றது.

இந்தியச் சட்டம் என்ன சொல்லுது?

பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பு 2020-ன்படி, ஒரு தொழிலாளியிடம் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு ஊதியம் தர வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றே சொல்கிறது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. புதிய தொகுப்பில் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வரமாட்டார்கள். தொழில்நுட்ப வேலை செய்பவர்கள் வருவார்கள். விசிட்டிங் கார்டில் 'லீட்', 'மேனேஜர்' என்று போட்டிருக்கும், ஆனால் நாள் முழுக்க கோடிங் எழுதும் ஒருவர் எந்தப் பக்கம்? அவர் உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதைக் காட்ட வேண்டி வரும்போது, எந்தப் புராஜெக்ட்டில் என்ன வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்லும் டைம்ஷீட் பதிவு பெரிய ஆதாரம்.

அந்தப் பதிவின் பிரதி ஊழியருக்குக் கிடைக்குமா? இதற்குத் தரவு பாதுகாப்புச் சட்டம் 2023-ஐப் பார்க்க வேண்டும். அதன் 7-வது பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகவும், நிறுவனத்தை இழப்பில் இருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தகவலை அவர் ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்த அனுமதிக்கிறது. 'என் தகவல் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்கும் உரிமை 11-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு, ஒப்புதல் கொடுத்தவர் கேட்கலாம் என்ற வகையில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒப்புதல் கேட்காமலே எடுத்த தகவலைப் பற்றி ஊழியர் எந்த உரிமையில் கேட்பார் என்ற கேள்வி இதனால் எழுகிறது. பதிவு எடுக்கும் வாசல் அகலமாகவும், அதைக் கேட்டு வாங்கும் வாசல் குறுகலாகவும் இருக்கிறது.

தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இதே சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகளின்படி, நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2027 மே வரை.

வேலை நேரத்துக்குப் பிறகு வரும் மெசேஜுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை பிரான்ஸில் 2017-லும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலும் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இதற்காக நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே 2025 டிசம்பரில் மீண்டும் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்கள் சட்டமாவது மிக அரிது.

ஊழியர்கள் என்ன கேட்கலாம்?

ஆபீசில் இப்படி ஒரு இணைப்பு வரும்போது, ஹெச்ஆரிடமோ மேனேஜரிடமோ சில கேள்விகளைக் கேட்டுவைப்பது நல்லது. மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கினால் இன்னும் நல்லது.

1. எந்தெந்த அனுமதிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன? சாட் உரையாடலைப் படிக்கும் அனுமதியும் உண்டா?

2. ஸ்கிரீன்ஷாட், மவுஸ்-கீபோர்டு அசைவு, இருப்பிடம் ஆகியவை பதிவாகின்றனவா? பல டூல்களில் இவை தனித்தனி வசதிகள். வேண்டாம் என்றால் அணைத்துவைக்க முடியும்.

3. என் பதிவை நான் பார்க்க முடியுமா? தவறு இருந்தால் திருத்த முடியுமா? மாத முடிவில் பிரதி கிடைக்குமா?

4. இரவிலும் விடுமுறையிலும் சாட்டில் பார்த்த வேலை, நேரக் கணக்கில் சேருமா? ஓவர்டைமாகவோ மாற்று விடுப்பாகவோ கிடைக்குமா?

5. இந்தக் கணக்கை யார் பார்ப்பார்கள்? அப்ரைசலுக்கோ ஆட்குறைப்புக்கோ பயன்படுத்துவீர்களா? வேலையை விட்டுப் போன பிறகு எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. 'இன்னும் டைம்ஷீட் போடாதவர்கள்' என்ற பெயர்ப் பட்டியலை மொத்த டீமும் இருக்கும் சேனலில் டூல் போடுமாறு சிலர் அமைத்துவிடுகிறார்கள். உடம்பு சரியில்லாமல் லீவில் இருப்பவர் பெயரும் அதில் வந்து நிற்கும். அந்த நினைவூட்டலைத் தனி மெசேஜாக அனுப்பும்படி மாற்றக் கேட்கலாம்.

தனிப்பட்ட பேச்சையும் ஆபீஸ் சாட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். திட்டத்தைப் பொறுத்து, உரிய அனுமதியோடு தனிப்பட்ட மெசேஜ்களையும் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யும் வசதி ஸ்லாக் போன்ற ஆப்களில் உண்டு.

அடுத்து என்ன?

ஐந்து கேள்விகளில் நான்காவதுக்கான பதில்தான் ஒரு நிறுவனத்தின் நோக்கத்தைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும். பகல் நேரத்தை மட்டும் நுணுக்கமாக அளந்து, இரவு வேலையை 'அது பரவாயில்லை' என்று விட்டுவிடும் நிறுவனம் நேரக் கணக்கு வைக்கவில்லை; ஆளைக் கவனிக்கிறது. இரண்டையும் எழுதி, அதை ஊழியர் கையிலும் கொடுக்கும் நிறுவனத்தில் அதே டூல் சம்பளத்துக்கும் ஓய்வுக்கும் சாட்சியாகிவிடும்.

2027 மே மாதத்துக்கு முன்னால் நிறுவனங்கள் தங்கள் தரவுக் கொள்கைகளை எப்படியும் திருத்தி எழுதியாக வேண்டும். எந்தத் தகவல் எடுக்கப்படும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதெல்லாம் இந்த இடைவெளியில்தான் முடிவாகும். நேரக் கணக்கின் ஒரு பிரதி ஊழியருக்கும் போக வேண்டும் என்ற ஒரு வரியை அந்தக் கொள்கையில் சேர்க்கச் சொல்லி, ஊழியர்களும் தொழிற்சங்கங்களும் கேட்பதற்கு இதுவே சரியான நேரம்.